விருந்தினரின் கடிகாரம்

மணி என்ன என்று கேட்டால் எவரும் எளிதில் விடை சொல்லிவிடுவர். அவ்விடை எங்கிருந்து வந்தது என்று மேலும் ஒரு கேள்வி கேட்டால் சற்றுத் தயங்குவர். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னதாகக் கூறுவர். கைக்கடிகாரத்துக்குச் சொன்னவர் யார்? வானொலி. வானொலிக்குச் சொன்னவர்? இப்படியே பின்னோக்கிப் போனால், நேரம் என்பது எவரும் தாமாக அறிவதன்று, மற்றொருவரைக் கேட்டே அறிவது என்பது விளங்கும். இந்த எளிய செய்தியை நாங்கள் ஒரு லினக்ஸ் வழங்கியிடமிருந்து கற்றுக்கொள்ள நேர்ந்தது.

2000களின் பிற்பகுதியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, மாத வாடகைக்கு ஒரு வழங்கியை எடுத்திருந்தோம். பழைய சிற்றிதழ்களின் பக்கங்களை ஒளிவருடிச் சேமித்து வைக்கவும், எழுதுவோருடன் அஞ்சல் போக்குவரத்து நடத்தவும் அது பயன்பட்டது. அவ்வாண்டு ஒரு சிறுகதைப் போட்டி அறிவித்தோம். மாதக் கடைசி நாள் நள்ளிரவு 12 மணிக்குள் கதைகள் மின்னஞ்சலில் வந்து சேர வேண்டும். எங்கள் வழங்கி இடும் நேர முத்திரையே முடிவானது என்று விதிகளில் எழுதியிருந்தோம். யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை, இயந்திரம் நடுநிலையோடு சொல்லிவிடும் என்பதுதான் அவ்விதியின் பொருள்.

நாள் கடந்த மறுவாரம் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அஞ்சல் நிலையத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தாம் கதையைத் தட்டச்சு செய்து முடித்தபோது கைக்கடிகாரத்தில் 12 மணி 4 நிமிடம் ஆகிவிட்டதென்றும், விதியை மதித்து அனுப்பாமல் இருந்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். குறை கூறும் தொனி அதில் இல்லை. ஆனால் கடைசியில் ஒரு வரி இருந்தது. அவருக்குத் தெரிந்த இளம்பெண் ஒருவர் நள்ளிரவு கடந்த பிறகே கதையை அனுப்பியதாகவும், அது ஏற்கப்பட்டதாக எங்களிடமிருந்து விடை வந்ததாகவும் கேள்விப்பட்டாராம். ‘எப்படி என்று அறிந்துகொள்ள மட்டுமே விரும்புகிறேன்’ என்று முடித்திருந்தார்.

அந்தப் பெண்ணின் கதையை எடுத்துப் பார்த்தோம். எங்கள் முத்திரை 11 மணி 57 நிமிடம் என்றது. மின்னஞ்சலின் தலைப்பகுதியில், அது கடந்துவந்த ஒவ்வொரு வழங்கியும் தன் நேரத்தைப் பொறித்துவிட்டுப் போகும். அதனைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அனுப்பியவரின் அஞ்சல் வழங்கி அக்கடிதத்தைப் பெற்றுக்கொண்ட நேரம் 12 மணி 6 நிமிடம் எனப் பதிவாகியிருந்தது. அதாவது, புறப்படுவதற்கு ஒன்பது நிமிடங்களுக்கு முன்பே கடிதம் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மற்றக் கடிதங்களையும் பார்த்தோம். எல்லாவற்றிலும் இதே கதை. முந்தைய நாள் கடிதங்களில் வேறுபாடு ஏழரை நிமிடம். அதற்கு முந்தைய நாள் ஆறு. ஆறு நாள்களுக்கு முன், வழங்கியை மறுதொடக்கம் செய்த அன்று, வேறுபாடே இல்லை. நாளொன்றுக்கு ஒன்றரை நிமிடம் என்ற கணக்கில் எங்கள் கடிகாரம் பிந்திக்கொண்டே வந்திருக்கிறது.

கணினிக்குள் கடிகாரம் எவ்வாறு ஓடுகிறது என்பதை இங்கே சற்று விளக்க வேண்டும். கைக்கடிகாரத்தில் உள்ளது போலவே கணினியின் தாய்ப்பலகையிலும் ஒரு குவார்ட்ஸ் படிகம் உண்டு. வினாடிக்கு 32,768 முறை அதிர்வது அதன் இயல்பு. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் வரும் எண் அது. ஆகவே மீண்டும் மீண்டும் பாதியாக்கி ஒரு வினாடியைப் பெறுவது எளிது. மின்சாரம் இல்லாதபோதும் சிறு மின்கலத்தின் துணையால் இது ஓடும். ஆனால் இயங்குதளம் விழித்தெழும்போது மட்டுமே இதனைப் பார்க்கிறது. பிறகு தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்கிறது. அக்காலத்து லினக்ஸ் செய்த வேலை இது: வன்பொருள் ஒன்று குறிப்பிட்ட இடைவெளியில் செயலியின் தோளைத் தட்டும், ஒவ்வொரு தட்டலுக்கும் கருநிரல் தன் கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். 2.4 வரிசைக் கருநிரலில் இத்துடிப்பு வினாடிக்கு 100. 2003 டிசம்பரில் 2.6 வந்தபோது 1000 ஆயிற்று. 2005இல் வெளிவந்த 2.6.13 அதனை 250 ஆகக் குறைத்தபோதும், சில விநியோகங்கள் 1000ஐயே தொடர்ந்து வைத்திருந்தன. எங்களுடையது அவற்றுள் ஒன்று.

உண்மையான கணினியில் இம்முறை நன்றாகவே நடக்கும். ஒரு சாதாரணப் படிகம் பத்து லட்சத்துக்கு 20 என்ற அளவில் பிழைபட்டாலும் நாளொன்றுக்கு 1.7 வினாடிதான் விலகும். எங்களுடையது உண்மையான கணினி அன்று. வாடகை நிறுவனத்தின் பெரிய கணினி ஒன்றுக்குள் பல மெய்நிகர் கணினிகள் குடியிருந்தன. தொழில்நுட்பத்தார் பெரிய கணினியை ஹோஸ்ட் என்றும் குடியிருப்பவற்றை கெஸ்ட் என்றும் சொல்வர். நாம் புரவலன் என்றும் விருந்தினர் என்றும் சொல்லலாம். விருந்தினர் ஒவ்வொருவருக்கும் தமக்கென ஒரு செயலி இருப்பதாக எண்ணம். உண்மையில் புரவலன் ஒருவருக்குச் சற்று நேரம், அடுத்தவருக்குச் சற்று நேரம் என்று பங்கிட்டுத் தருகிறான். தன் முறை இல்லாத நேரத்தில் விருந்தினர் உறைந்து நிற்கிறார். அவ்வேளையில் தோளைத் தட்டினாலும் உணர்வில்லை. மீண்டும் முறை வரும்போது, விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கை தொடர்கிறது. இடையில் உறைந்திருந்தோம் என்பதே அதற்குத் தெரியாது.

ஒரு நாளைக்கு 86,400 வினாடிகள். எங்கள் வழங்கி இழந்தது 90. ஏறத்தாழ ஆயிரம் துடிப்புக்கு ஒன்று தவறியிருக்கிறது. இரண்டு நாள்கள் மணிக்கொருமுறை வெளிக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் குறித்து வந்தோம். பகலில் இழப்பு சிறிது; பின்னிரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே மிகுதி. அது பக்கத்துக் குடியிருப்புகள் தத்தம் காப்புப்படிகளை எடுக்கும் நேரம். அண்டை வீட்டார் ஓயாமல் உழைத்த அளவுக்கு எங்கள் கடிகாரம் உறங்கியிருக்கிறது.

நிறுவனத்தாருக்கு எழுதினோம். உதவிப் பிரிவிலிருந்து வந்த விடை அக்காலத்தில் எங்கும் வழங்கிய வைத்தியம்தான்: மணிக்கொருமுறை வெளி வழங்கி ஒன்றிடம் நேரம் கேட்டு, கடிகாரத்தை அப்படியே மாற்றி வைக்கும் கட்டளையை ஓடவிடுங்கள். அவ்வாறே செய்யப்பட்டது. முதல் நாள் எல்லாம் சரியாகவே தோன்றிற்று. இரண்டாம் நாள் அஞ்சல் சேவை நின்றுபோயிற்று. பதிவேட்டைத் திறந்து பார்த்தால், டவ்காட் என்னும் அஞ்சல் மென்பொருள் தன் இறுதி வாக்குமூலத்தை எழுதி வைத்திருந்தது. நேரம் பின்னோக்கி நகர்ந்துவிட்டது, இதனால் பல சிக்கல்கள் விளையலாம், ஆகவே என்னை நானே மாய்த்துக்கொள்கிறேன் என்பது அதன் சாரம். புனைந்து சொல்வதாக நண்பர்கள் எண்ண வேண்டாம். அம்மென்பொருளின் அக்காலப் பதிப்புகள் உள்ளபடியே அப்படித்தான் எழுதிவிட்டு நின்றன. பிற்காலப் பதிப்புகள், பின்னோக்கிய நகர்வு சிறிதாயின், கடிகாரம் பழைய இடத்துக்கு வரும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டன.

பிந்தும் கடிகாரத்தை முன்னோக்கித்தானே தள்ளியிருக்க வேண்டும், பின்னோக்கி நகர்ந்தது எவ்வாறு? விடை புரவலனின் நல்லெண்ணத்தில் இருந்தது. விருந்தினர் உறைந்திருந்தபோது தர இயலாத துடிப்புகளுள் சிலவற்றைப் புரவலன் பாக்கியாக எழுதி வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைத்தபோது விரைவாக அடுத்தடுத்துத் தந்துகொண்டிருந்தான். அதற்குள் எங்கள் மணிக்கட்டளை வெளியே கேட்டு நேரத்தைச் சரிசெய்துவிட்டிருந்தால், ஒரே இழப்பு இருமுறை ஈடுசெய்யப்படும். கடிகாரம் முந்திவிடும். அடுத்த மணியில் கட்டளை அதனைப் பின்னுக்கு இழுக்கும். ஒருவர் அறியாமல் ஒருவர் குழம்பில் உப்பிட்ட கதைதான்.

நேரம் பின்னோக்கிப் போவது அஞ்சல் மென்பொருளுக்கு மட்டும் உவப்பில்லாத செய்தி அன்று. ஒரு கணினியின் ஒழுங்கு முழுவதும், பின்னர் நடந்தது பின்னர் என்றே பதிவாகும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. 3 மணி 10 நிமிடத்துக்கு ஓட வேண்டிய வேலை ஒன்று, கடிகாரம் 3.12இலிருந்து 3.09க்குத் திரும்பினால் இரண்டாம் முறை ஓடக்கூடும், 3.09இலிருந்து 3.12க்குத் தாவினால் ஓடாமலே போகலாம். விடைக்கடிதம் வினாவுக்கு முன்னால் போய் நிற்கும். ஆகவே கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவருவது ஒரு வேலை. வரிசையைக் குலைக்காமல் கொண்டுவருவது அதனினும் பெரிய வேலை.

இவ்விரண்டாம் வேலைக்கென்றே வாழ்நாளைச் செலவிட்டவர் டேவிட் மில்ஸ். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். வலைப்பின்னலின் வழியே கணினிகள் நேரம் கேட்டறியும் நெறிமுறையான என்டிபியை வகுத்து, அதன் முதல் ஆவணத்தை 1985இல் வெளியிட்டார். சிறு வயது முதலே பார்வைக் குறைபாடு உடையவர். பிற்காலத்தில் பார்வையை முற்றும் இழந்தார். 2024 ஜனவரியில் தமது 85ஆம் வயதில் மறைந்தார். உலகின் கணினிகளெல்லாம் ஒரே நேரத்தைக் காட்டுவதற்கு இவர் பட்ட பாட்டை நினைத்துப் பார்ப்பவர் குறைவு.

அவருடைய வழி எளிமையானது. கேட்பவர் கேள்வி புறப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். சொல்பவர், கேள்வி வந்த நேரத்தையும் விடை புறப்பட்ட நேரத்தையும் குறித்து அனுப்புகிறார். விடை வந்த நேரத்தைக் கேட்பவர் மீண்டும் குறிக்கிறார். இந்நான்கு எண்களிலிருந்து, வழியில் கழிந்த காலத்தைக் கண்டு, போக்கும் வரவும் சமம் என்று கொண்டு பாதியாக்கினால், இருவர் கடிகாரங்களுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும். வேறுபாடு 128 மில்லிவினாடிக்குள் இருந்தால் கடிகாரம் தாவுவதில்லை. சற்று விரைவாகவோ மெதுவாகவோ ஓடி, சிறுகச் சிறுகச் சேர்கிறது. ஒரு வினாடிக்கு அரை மில்லிவினாடி, அதாவது பத்து லட்சத்துக்கு 500, என்பது அதன் எல்லை. இந்த வேகத்தில் எங்கள் ஒன்பது நிமிடத்தைச் சேர்ப்பதற்குப் பன்னிரண்டரை நாள் ஆகும். அதனால்தான் பெரிய வேறுபாட்டை, சேவைகளையெல்லாம் நிறுத்திவிட்டு, ஒரே ஒரு முறை தாவித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு தாவல் கூடாது.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருந்தது. எங்கள் கடிகாரம் ஆயிரத்துக்கு ஒன்று, அதாவது பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 1000 என்ற அளவில் தவறிக்கொண்டிருந்தது. நெறிமுறையின் நிரலால் ஈடுசெய்ய இயன்றது 500. ஓட்டை வழியே வெளியேறும் நீர், ஊற்றும் நீரினும் மிகுதி. மேலும், அந்நிரல் தன் கடிகாரத்தின் இயல்பான பிழையைச் சில மணி நேரம் கவனித்து ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். இன்ன அளவு மெதுவாக ஓடும் குணம் எனக்குண்டு என்று அறிந்துகொண்டால் அதற்கேற்ப நடக்கலாம் அல்லவா? படிகத்தின் குணம் நிலையானது, அறியலாம். அண்டை வீட்டாரின் வேலைப்பளுவைப் பொறுத்த பிழைக்குக் குணம் என்று ஒன்றில்லை. ஒரே சீராகத் தவறுபவரைத் திருத்தலாம். மனம்போனபடி தவறுபவரைத் திருத்துவதற்கு முன், தவறுவதன் காரணத்தைத் தீர்க்க வேண்டும்.

ஆகவே செய்தவை நான்கு. முதலாவது, கருநிரலை மறுபடியும் தொகுத்து, துடிப்பை வினாடிக்கு 1000 என்பதிலிருந்து 100 ஆகக் குறைத்தோம். ஆயிரம் முறை தட்டப்பட வேண்டியவர் நூறு முறை தட்டப்பட்டால் போதும் என்றாகிவிட்டது. உறக்கத்தில் தவறும் தட்டல்களும் குறைந்தன. இரண்டாவது, மணிக்கட்டளையை நீக்கினோம். மூன்றாவது, புரவலன் தரப்பிலிருந்து நேரத்தைத் திருத்தும் ஏற்பாட்டை நிறுத்தும்படி நிறுவனத்தாரைக் கேட்டு நிறுத்தச் செய்தோம். திருத்துபவர் ஒருவரே இருக்க வேண்டும். நான்காவது, என்டிபி நிரலை அமைத்து, அதன் அமைவுக் கோப்பில் இரு மாற்றங்கள் செய்தோம். வேறுபாடு 1000 வினாடிக்கு மேல் போனால் அது கைவிட்டு நின்றுவிடும். நிற்காமலிருக்க ‘டிங்கர் பானிக் 0’ என்ற வரியைச் சேர்த்தோம். வெளியே எவரும் கிடைக்காதபோது தன் கடிகாரத்தையே நம்பலாம் என்று சொல்லும் வரியை அழித்தோம். மெய்நிகர் கணினி நம்பக்கூடாத ஒருவர் உண்டென்றால் அது தானேதான்.

இழப்பு நாளொன்றுக்கு மூன்று நான்கு வினாடியாகக் குறைந்தது. அந்த அளவை என்டிபி எளிதில் ஈடுசெய்தது. மறுவாரம் முதல் வேறுபாடு சில பத்து மில்லிவினாடிகளுக்குள் நின்றது. நாங்கள் நேரம் கேட்டது, 2003இல் தொடங்கப்பட்ட ‘பூல்’ என்னும் கூட்டமைப்பிடம். உலகெங்கும் தன்னார்வலர்கள் தத்தம் வழங்கிகளை அதில் சேர்த்துக் கேட்பவர்க்கெல்லாம் நேரம் சொல்கின்றனர். கட்டணம் இல்லை. இன்றும் அது நடந்துகொண்டிருக்கிறது.

கேட்டறியும் வழக்கம் கணினியோடு தோன்றியதன்று. முல்லைப்பாட்டில், பாசறையிலிருக்கும் அரசனுக்கு நாழிகைக் கணக்கர் நீர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரம் அறிவிக்கின்றனர். எத்துணைப் பெரிய அரசனாயினும், வெளியில் நின்று விழித்திருந்து எண்ணிச் சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இரயில் நிலையங்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றின. சென்னை வானாய்வகத்தின் நேரம் தந்தி வழியே சென்றது. வலைப்பின்னலில் நேரம் கேட்பதற்கு அது ஒரு முன்னோடி. 1906 ஜனவரி முதல் நாள் இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தபோது, சென்னை நேரத்துக்கும் அதற்கும் இருந்த வேறுபாடு ஏறத்தாழ ஒன்பது நிமிடம். எங்கள் வழங்கி ஆறு நாளில் சென்று சேர்ந்த இடமும் அதுவே என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார்.

போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வழங்கியின் முத்திரையே முடிவானது என்று எல்லோருக்கும் அறிவித்திருந்ததால், அந்த ஒன்பது நிமிடத்துக்குள் வந்த கதைகளை நீக்குவது முறையன்று. ஆனால், கைக்கடிகாரத்தை நம்பி அனுப்பாமல் நின்றவர் அதே விதியின்படி உரிமை உடையவர். 12 மணி 4 நிமிடத்தில் அவர் அனுப்பியிருந்தால் எங்கள் முத்திரை 11.55 என்று சொல்லியிருக்கும். நடந்ததை விளக்கி, கதையை அனுப்பிவைக்குமாறு அவருக்கு எழுதினோம். அதே நிலையில் வேறு எவரேனும் இருந்தால் எழுதலாம் என்று பொதுவிலும் அறிவித்தோம். மேலும் இருவர் எழுதினர். கைக்கடிகாரக்காரரின் கதைக்குப் பரிசு கிடைக்கவில்லை. நடுவர்கள் அதனைப் படித்தார்கள் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

கதையோடு வந்த கடிதத்தில் அவர் தம் பணியைப் பற்றி எழுதியிருந்தார். அஞ்சல் நிலையத்தில் காலையில் முதல் வேலை முத்திரையின் தேதியை மாற்றுவது. மாற்றியவுடன் கடிதத்தில் பதிப்பதில்லை. அதற்கென உள்ள புத்தகத்தில் ஒருமுறை பதித்து, தேதியைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட பின்னரே கடிதக் கட்டைப் பிரிப்பார்களாம். முத்திரை பிறருக்குச் சாட்சி சொல்வதற்கு முன், முத்திரைக்கு ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து.

இன்று மெய்நிகர் கணினியின் நிலை பெரிதும் மாறிவிட்டது. கருநிரல் துடிப்புகளை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் அளவி ஒன்றைத் தேவைப்படும்போது படித்துக்கொள்கிறது. கேவிஎம் புரவலன் உள்ள இடத்தில் ‘கேவிஎம்-கிளாக்’ என்னும் ஏற்பாட்டின் வழியே விருந்தினர் புரவலனின் காலக்கணக்கையே நேராகப் பார்க்க முடிகிறது. உறைந்திருந்த காலத்தை ‘டாப்’ கட்டளை, திருடப்பட்ட நேரம் என்ற பொருளில் ஒரு தனி எண்ணாகக் காட்டுகிறது. பழைய என்டிபி நிரலின் இடத்தில் பலரும் ‘க்ரோனி’யைப் பயன்படுத்துகின்றனர், ரெட் ஹாட் 2014இல் வெளியிட்ட தன் ஏழாம் பதிப்பிலிருந்து அதனையே இயல்பாக வைத்தது. தாவாமலே ஒன்பது நிமிடத்தைச் சேர்க்க அதற்கு இரண்டு மணி நேரம்கூட வேண்டியதில்லை.

எனினும் உறங்கி எழும் தொல்லை முற்றும் நீங்கவில்லை. ஒரு மெய்நிகர் கணினியை இடைநிறுத்தி மறுநாள் எழுப்பினாலோ, பழைய படிமத்திலிருந்து மீட்டாலோ, அது நேற்றைய நேரத்தோடு கண்விழிக்கக்கூடும். பல விநியோகங்களின் க்ரோனி அமைவில், தொடங்கியபின் முதல் மூன்று திருத்தங்களுக்குள் மட்டுமே தாவலாம் என்று ‘மேக்ஸ்டெப் 1.0 3’ என்ற வரி இருக்கும். இவ்வாறு அடிக்கடி உறங்கி எழும் கணினியாயின், அந்த 3ஐ -1 ஆக மாற்றி எப்போது வேண்டுமாயினும் தாவ இசைவு தரலாம். வரிசை முக்கியமான தரவுகளைக் காக்கும் கணினியாயின் மாற்றாதிருப்பதே நன்று. சேவைகளை நிறுத்திவிட்டுக் கையாலேயே திருத்திக்கொள்ளலாம்.

எங்கள் தற்போதைய வழங்கியில் ஒவ்வொரு நாளும் காலை 6 மணிக்கு ஒரு சிறு நிரல் ஓடுகிறது. க்ரோனி தரும் வேறுபாட்டை ஒரு கோப்பில் எழுதி, அது அரை வினாடியைத் தாண்டினால் எங்கள் அனைவருக்கும் கடிதம் அனுப்புகிறது. அஞ்சல் நிலையத்துப் புத்தகத்தின் நினைவாக அந்தக் கோப்புக்கு ‘முத்திரை’ என்றே பெயர் வைத்திருக்கிறோம்.